நுரைக்கூடு

கொசுப்புகை அடிக்கிறவர்கள் கதவைத் தட்டியபோது சந்திரசேகரன் மகளின் தொழிற்சாலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டைகள் ஐந்து. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது ஷர்மினிக்கு. இருபத்திரண்டு வயது. டெங்கிக் காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது போலிருந்தது, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. எரித்துவிட்டு வந்து மூன்று நாள்.

புகை அடித்தால் அரைமணி நேரம் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. எதிர்வீட்டு ருக்குமணி வந்து அவர் மனைவி குமுதாவைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப் போனாள். ஜெலுத்தோங்கின் அந்தப் பழைய புளோக்கில் மூன்றாவது மாடி. லிப்ட் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் நிற்கும். குமுதா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவது சந்திரசேகரனுக்குக் கேட்டது.

புகைக்கு முன்னால் வீட்டைச் சோதிக்க வேண்டும் என்று இர்வான் என்கிற மலாய் இளைஞன் கையில் டார்ச்சுடன் உள்ளே வந்தான். சுகாதார இலாகா ஆள். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வேலையைத் தொடங்கினான். குளியலறை, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, சாமி மாடத்துச் செம்பு, பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் அடி. எல்லாம் காய்ந்து கிடந்தன. குமுதா வீட்டைத் துடைக்கிற துடைப்பில் குறை சொல்ல யாராலும் முடியாது.

"பாக்சிக், இங்க கொஞ்சம் வாங்க," என்று துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து, மாமா என்று அழைப்பதுபோல, மலாயில் கூப்பிட்டான்.

அங்கே மூடி போட்ட ஒரு சிவப்புத் தோங், பிளாஸ்டிக் பீப்பாய், இருந்தது. அதன்மேல் மடித்த பாய், பாய்மேல் பழைய காற்றாடி. பாயை விலக்கினால் மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். இர்வான் மூடியைத் திறந்து டார்ச்சை அடித்தான். தண்ணீருக்குள் முடித்துண்டுகள் போல ஏதோ நெளிந்து, வெளிச்சம் பட்டதும் கும்பலாக அடிக்குப் போயின.

போன மாதம் மூன்று நாள் தண்ணீர் கட் ஆகும் என்று அறிவித்தபோது குமுதா பிடித்து வைத்தது அது. வீட்டிலிருந்த வாளி, குண்டான், தோங் எல்லாவற்றையும் நிரப்பினாள். தண்ணீர் திரும்பி வந்ததும் மற்றதையெல்லாம் காலி செய்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பின்னால் தள்ளி வைத்தாள். அப்போது சந்திரசேகரன் கேட்டிருந்தார், இது எதுக்கு என்று. "இருக்கட்டும். மறுபடி கட் பண்ணிட்டான்னா புள்ள வேல விட்டு வந்து குளிக்க வேணாமா," என்றாள். பிறகு அவளும் மறந்தாள், அவரும் மறந்தார்.

"யாரு வச்சது?" என்றான் இர்வான்.

"நான்."

இர்வான் அவர் முகத்தைப் பார்த்தான். "இந்தப் புளோக்குல ஏற்கனவே ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கு, பாக்சிக். அவங்களக் கடிச்ச கொசு இங்கயும் வரும். எங்க முட்ட போட்டு எங்க பொரிச்சதுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது."

"இது அந்தக் கொசுவா?"

"அந்தக் கொசுதான்."

குளியலறைக் குழியில் தோங்கைச் சாய்த்தபோது இர்வானும் ஒரு பக்கம் பிடித்தான். கடைசித் தண்ணீரில் மருந்துத்தூள் போட்டுக் கழுவினார்கள். "ஆபீஸ்ல குடுக்குற பாரத்துல எழுதியாகணும். ஆனா வீட்டுல இருக்குறவங்ககிட்ட நான் ஒண்ணும் பேசல," என்று சொல்லிவிட்டுப் போனான். சந்திரசேகரன் தோங்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கிக் குப்பைக் கொட்டகையில் மற்ற சாமான்களுக்கு அடியில் திணித்துவிட்டு வந்தார்.

புகை அடித்து முடிந்த பிறகு, டீசல் நாற்றம் அடங்காத வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் குமுதா கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம். வீடு சுத்தமா இருக்குன்னான்."

சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தார். குமுதா சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் என்ன தப்பு செஞ்சேன், நான் என்ன தப்பு செஞ்சேன் என்று, நெற்றியைச் சுவரில் முட்டி முட்டி. இப்போது அதைக் கேட்கவில்லை.

"வீட்டுல இல்லன்னா அப்ப எங்க கடிச்சுச்சு?" என்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நீங்கதான அந்த ஞாயித்துக்கெழம தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

அந்தத் தோட்டம் பாயா தெருபோங் குன்றின் சரிவில் இருக்கிறது. டுரியான், மங்குஸ்தீன், மேலே கொஞ்சம் ஜாதிக்காய். சந்திரசேகரன் அங்கே பதினேழு வருடமாக வேலை பார்க்கிறார். முதலாளியான தவுக்கே வாரத்துக்கு இரண்டு முறை வந்து போவார், மற்றபடி சந்திரசேகரன் ஒருவர்தான். பழம் விழும் மாதங்களில் விடிந்தும் விடியாமலும் ஏறிப்போய்ச் சரிவு முழுக்க வலையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கி, தவுக்கே வருவதற்குள் தரம் பிரித்து வைக்க வேண்டும். மற்ற மாதங்களில் புல் வெட்டுவது, உரம் போடுவது, வலை கட்டுவது. மழை பெய்தால் சரிவில் கால் நிற்காது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விரல்களை மண்ணுக்குள் அழுத்தி அழுத்தித்தான் ஏற வேண்டும்.

தோட்டத்தின் நடுவில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி. இடுப்புயரம், நாலு பேர் படுக்கிற அகலம். பாறையிடுக்கில் கசியும் ஊற்றை அந்தக் காலத்தில் யாரோ அதில் திருப்பிவிட்டிருந்தார்கள். தவுக்கே நீல நிறப் பிளாஸ்டிக் டாங்கிகள் வாங்கி வைத்து ஊற்றை அவற்றுக்குத் திருப்பிய பிறகு தொட்டியை யாரும் தொடவில்லை, மழைத்தண்ணீர்தான் அதில். பாசி ஏறி, இலை விழுந்து, தண்ணீர் தேயிலை நிறத்தில் நிற்கும். அதன்மேல் ஒரு மங்குஸ்தீன் மரம் கவிந்திருந்தது. மழை விட்ட சாயங்காலங்களில் மரத்தவளைகள் அந்தக் கிளைகளுக்கு வரும். காய்ந்த வாழைச்சருகு நிறம், விரல் நுனியெல்லாம் உருண்டைத் தட்டு. பலகையில் விரல்முட்டியால் தட்டினாற்போல ஒன்று கத்தும், கொஞ்சம் விட்டு இன்னொன்று கத்தும். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டியிருக்கும். பெண் தவளை பின்னங்காலால் அடித்து அடித்து எழுப்பிய நுரை. முட்டையெல்லாம் அதற்குள்ளே. வெயிலில் மேல்தோல் காய்ந்து பழுப்பாகும். உள்ளே ஈரம் போகாது. நாலைந்து நாளில் அடிப்பக்கம் இளகி, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி அப்பாவுக்கு ஒத்தாசையாகப் பழம் பொறுக்க வந்திருந்தாள். பொறுக்கியதை விடப் படம் எடுத்ததுதான் அதிகம். தொட்டியின் குழாயில் பகலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தவளையின் முகத்தருகே குனிந்து, "ப்பா, இதுக்கு இடுப்பே இல்லப்பா. எங்க சூப்பர்வைசர் மாதிரியே இருக்கு," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மதியம் இருவரும் பொண்டோக் குடிசையில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டார்கள். கையிலும் காலிலும் கொசு கடித்த தடிப்பைச் சொறிந்துகொண்டே அவள் வீட்டுக்கு வந்ததைக் குமுதா பார்த்திருந்தாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜுருவிலிருந்து குமுதாவின் தம்பி லோகேஸ்வரன் வந்தான். கார் பட்டறையில் வேலை. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மச்சானின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. அக்கா அந்தத் தொட்டி கத சொன்னா. பாசி புடிச்ச தண்ணிலா அது. எத்தன வருஷமா நிக்குது?"

"நான் போறதுக்கு முன்னாலருந்தே இருக்கு."

"அதுல கொசு இருக்காதா?"

"தவளக் குஞ்சு இருக்கு. தும்பிப் புழு இருக்கு. கொசுப்புழு நான் பாத்ததில்ல."

"நீங்க பாக்கலன்னா இல்லாமப் போயிருமா? டிவியில எத்தன தடவ சொல்றான், தண்ணி தேங்க விடாதீங்க, தேங்க விடாதீங்கன்னு. ஒரு கப்பு தண்ணி போதும்னு சொல்றான். நீங்க ஒரு கொளத்தையே வச்சிருக்கீங்க."

"அது தவுக்கேயோடது, லோகா."

"தவுக்கே அங்க வேல பாக்குறாரா, நீங்க பாக்குறீங்களா?"

உள்ளே படுத்திருந்த குமுதாவின் குரல் வந்தது. "அவருக்குத் தவளதான் பெருசு. விடு."

"அக்கா, நீ சும்மா இரு."

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும். அந்த மலாய்ப் பொண்ணு வந்து எண்ணிட்டுப் போவுது, இவரு ஏணி புடிச்சு நிப்பாரு. நம்ம வீட்டுப் புள்ள நெனப்பு எங்க இருந்துச்சு அப்ப." அவள் எழுந்து கதவருகே வந்து நின்றாள். பதினாறு நாளில் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் கண் நேராகப் பார்த்தது. "அத ஒடைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் பேச வேணாம்."

சந்திரசேகரன் எழுந்து காலி நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தொட்டிமேல் இருக்கிற பழி இறங்கிவிடும். இறங்கி எங்கே போய் உட்காரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. குமுதா தலையைச் சுவரில் முட்டுவதை நிறுத்திப் பதின்மூன்று நாள் ஆகிறது. அவர்மேல் கோபப்படுவதற்காகவாவது எழுந்து நடக்கிறாள்.

அவள் சொன்ன மலாய்ப் பெண் ஷாஹிரா, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். இரண்டு வருடத்துக்கு மேலாக மாதம் ஒரு முறை ஏறி வந்து நுரைக்கூடுகளை எண்ணி, தண்ணீரை அளந்து, குறித்துக்கொண்டு போவாள். அந்த வாரம் வந்தபோது எண்ணவில்லை. ஒரு பெட்டியில் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். பொண்டோக் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஷர்மினிக்கும் அவளுக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களை ஷர்மினி அவளுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

அவளிடம் மலாயில் பேசுவது சந்திரசேகரனுக்குச் சுலபம். வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அந்த மொழியில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். குமுதா சொல்வதைச் சொன்னார்.

ஷாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பாக்சிக், இந்தத் தண்ணிய நான் இருபத்தாறு மாசமா அள்ளிப் பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் இருபது கரண்டி. ஒரு கொசுப்புழு கூட இல்ல. இருக்கவும் விடாது, தும்பிப் புழு தின்னுடும். எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நான் ஒங்க வீட்டுக்கு வந்து மாக்சிக்கிட்ட காட்டுறேன்."

"வேணாம்."

"தப்பான எடத்துல கோவப்பட்டுக்கிட்டு இருந்தா அவங்க மனசு எப்படி ஆறும்?"

"நீ வர வேணாம், ஷாஹிரா."

அவர் குரல் அப்படி வந்ததை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒடைக்கப் போறீங்களா?"

அவர் பலகாரப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

"கீழ இருந்த ஓடைய அந்தக் காண்டோ மாடி வீடுங்க கட்டும்போது குழாய்க்குள்ள போட்டுட்டாங்க. மேல பாற. இந்தச் சரிவுல நிக்கிற தண்ணின்னா இது ஒண்ணுதான்."

"இது அருமையான சாதித் தவளயா?"

"இல்ல," என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாத பெண். "எல்லா ஊருலயும் இருக்குற தவளதான். கக்கூஸ்ல கூட வரும். ஆனா இந்தச் சரிவுல இருக்குறதுக்கு வேற எடம் கெடையாது. இது போனா இங்க அது இல்ல. அவ்வளவுதான்."

"ம்."

"ஒரு மாசம் குடுங்க, பாக்சிக். வேற எங்கயாவது ஒரு தொட்டி வைக்க முடியுமான்னு பாக்குறேன்."

அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை வீட்டுக்குப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்து, எதிர்வீட்டு ருக்குமணி வந்து கூப்பிட்ட பிறகுதான் குமுதா திறந்தாள். அடுப்படியில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். நெற்றியில் புதிதாக ஒரு வீக்கம். அவளாகவே ருக்குமணியிடம் சொன்னாள்: "வீட்டுலதான் ஏதோ நான் பாக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்."

மறுநாள் காலை பழங்களைப் பொறுக்கித் தரம் பிரித்து வைத்துவிட்டு, சந்திரசேகரன் கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

அடியில் ஒரு மரக்கட்டையால் துளையை அடைத்திருந்தார்கள். ஊறி ஊறிக் கல்லாகியிருந்தது. கடப்பாரையை வைத்து அரைமணி நேரம் அடித்த பிறகு கட்டை பிளந்தது. தண்ணீர் சட்டென்று வரவில்லை. முதலில் கறுப்புச் சேறு பிதுங்கியது, பிறகு பழுப்புத் தண்ணீர், டுரியான் வேர்களுக்கிடையே வழி தேடிக்கொண்டு சரிவில் இறங்கியது. அவர் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தார். மட்டம் ஒவ்வொரு விரலாகக் குறைந்தது. உள்சுவரில் தண்ணீர் இருந்த உயரத்துக்குப் பச்சைக் கோடு தெரிந்தது. மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார், இரண்டு கவளம் தின்றுவிட்டு மறுபடி கட்டி வைத்தார்.

இரண்டு மணிவாக்கில் அடித்தரை தெரிந்தது. தலைப்பிரட்டைகள் எல்லாம் ஒரு மூலையில் இருந்த பள்ளத்துக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கொதித்தன. அத்தனை இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. வாளியைக் கொண்டுவந்து கையால் அள்ளினார். நீல டாங்கிகளில் விட முடியாது, பூச்சிமருந்து கலக்கிற தண்ணீர். வாளியைத் தூக்கிக்கொண்டு வேலிவரை இறங்கி, காண்டோவின் சிமெண்டுக் கால்வாயில் கொட்டினார். முந்தின நாள் மழைத் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக ஒரு கணம் திரண்டு, பிறகு ஒன்றும் தெரியவில்லை. மூன்று நடை போனார். நான்காவது நடைக்கு ஏறி வரும்போது பாதி வழியில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். மிச்சத்தை விட்டுவிட்டார்.

பிறகு சம்மட்டியை எடுத்துக் கீழ்ப்பக்கச் சுவரை உடைத்தார், மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காதபடி. பழைய சிமெண்டு, உள்ளே கம்பியே இல்லை. முதலில் ஒவ்வொரு அடியையும் எண்ணினார். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. அடிக்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மகள் செத்த அன்றும் வராத அழுகை. சரிவில் வேறு யாரும் இல்லாததால் சத்தம் போட்டே அழுதார். அடியை நிறுத்தவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய், "ஒடைச்சாச்சு," என்றார்.

குமுதா அவர் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தாள். தட்டை வைத்துச் சோறு போட்டாள். "நாளைக்கு நான் வந்து பாக்கணும்," என்றாள். மறுநாள் அவளுக்கு எழ முடியவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் வர முடிந்தது.

அதற்குள் ஷாஹிரா வந்துவிட்டாள். தவுக்கே அவளுக்கு எதற்கோ போன் செய்தபோது தொட்டியை உடைத்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். உடைந்த சுவருக்கு முன்னால் நின்று, தோள்பையைக் கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"நான் ஒரு மாசம்தான கேட்டேன்."

"ஆமா."

"மாக்சிக்கிட்ட ஒரு தடவ பேச விட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவ. என்கிட்ட ஆதாரம் இருந்துச்சு. இங்க இல்லவே இல்லன்னு ஆதாரம்."

"அதுதான் வேணாம்னு சொன்னேன்."

"ஏன்? இங்க இல்லன்னு தெரிஞ்சா அவங்களுக்கு என்ன, வேற எங்கயோ..."

அவள் அங்கேயே நிறுத்தினாள். சந்திரசேகரன் டுரியான் கூடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே சாலையில் ஒரு லாரி கியர் மாற்றி ஏறுகிற சத்தம் வந்து ஓய்ந்தது. ஷாஹிரா அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏணி இருக்கா?" என்றாள்.

அவர் எப்போதும்போல ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, எட்டிய மட்டும் நுரைக்கூடுகளை இலையோடு நறுக்கிப் பிளாஸ்டிக் டப்பாக்களில் எடுத்தாள். ஐந்து கிடைத்தன. ஆய்வுக்கூடத்தில் பொரிக்க வைப்பதாகச் சொன்னாள். பொரித்தால் எங்கே கொண்டுபோய் விடுவது என்பது அவளுக்கும் தெரியவில்லை. நுனிக்கிளையில் இன்னும் மூன்று இருந்தன, ஏணி அங்கே எட்டாது, கிளை ஆளைத் தாங்காது.

போகும்போது, "இனிமே இங்க வர எனக்கு வேல இல்ல, பாக்சிக்," என்றாள். வெகுநேரம் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் வெயில் தாழ்ந்த பிறகு சந்திரசேகரன் குமுதாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் பின்னால் உட்கார்ந்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அவரைத் தொடவில்லை. சரிவில் ஏற அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. இருந்தாலும் நிற்காமல் ஏறினாள்.

தொட்டி காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மூலையில் செத்தவை கறுப்புத் தோலாகச் சிமெண்டோடு ஒட்டியிருந்தன. எறும்பு வரிசை உடைந்த சுவர் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. குமுதா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது மேலிருந்து ஏதோ விழுந்தது. காய்ந்த தரையில் சின்னதாக ஓர் ஈரப்பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. குமுதா நிமிர்ந்து பார்த்தாள். நுனிக்கிளைக் கூடு அடியில் இளகித் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"குஞ்சு. பொரிச்சு விழுது."

"தண்ணி இல்லையே."

"இல்ல."

"அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. கூடு கரைஞ்சா விழும். அதால நிறுத்த முடியாது."

அவள் தரையைப் பார்த்தாள். விழுந்தது ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும், வாலை இரண்டு மூன்று தடவை அடித்தது. வெயில் பட்ட சிமெண்டு. பிறகு அடிக்கவில்லை. எறும்பு வரிசையிலிருந்து ஒன்று விலகி அதன் பக்கம் வந்தது. சந்திரசேகரனுக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்போது அழுவாள் என்று நினைத்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்வாளோ என்றுகூட நினைத்தார், சொன்னால் ஓடிப்போய்க் கொண்டுவரத் தயாராக நின்றார்.

"விழட்டும்," என்றாள் குமுதா.

இன்னும் ஐந்தாறு விழும்வரை அங்கேயே நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்," என்றாள்.

மோட்டார் சைக்கிள் சரிவுப் பாதையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் அவள் கை கம்பியை விட்டுவிட்டு அவர் இடுப்பைச் சுற்றி வந்து சட்டையைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் முதுகில் தலையையும் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சு சட்டை வழியாகச் சூடாகத் தெரிந்தது.

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள். "ஒங்களுக்குத் தெரியவா போவுது, அதுல கொசு இருக்கும்னு."

"ம்."

"நான் ரொம்பப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்தார்.

"பாசார்ல இந்நேரம் மீன் இருக்குமா?" என்று கேட்டாள். "எத்தன நாளாச்சு, ஒங்களுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணு செஞ்சு போட்டு."

"ஒண்ணு ரெண்டு கட தெறந்திருக்கும்," என்று சொல்லி, சந்திரசேகரன் சிக்னலில் வண்டியை ஜெலுத்தோங் பாசார் பக்கம் திருப்பினார்.